மானேஜருக்கு ஒரு தொட்டி

முதலில் தண்ணீர். ஸ்டூல் மேல் ஏறி மைக் பிடித்த நாளிலிருந்து வேதகிரி அந்த வரிசையை மாற்றியதில்லை. வாளிக் கம்பெனியில், கொதிக்கிற துத்தநாகத் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி வெயிலில் கிடந்த தகர டிரம்மில்தான் குடிதண்ணீர். மேலே மிதக்கிற சாம்பலை ஊதி ஒதுக்கிவிட்டுத்தான் அத்தனை பேரும் குடித்தார்கள். அது முதல் அநியாயம். இரண்டாவது சோப்பு. அமிலத்தில் முக்கி எடுத்த தகட்டைத் தொட்ட கையோடு சோற்றைப் பிசைந்தார்கள்; ஆளுக்கு அரைக் கட்டி சோப்பும் ஒரு துண்டும் வாங்குவதற்கு ஒரு கோடைக்காலம் முழுக்கக் கத்த வேண்டியிருந்தது. மூன்றாவது புகை. நவச்சாரத்தை அள்ளி உருகிய துத்தநாகத்தில் வீசினால் குப்பென்று எழும்புகிற வெள்ளைப் புகைக்கு முன்னால், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு ஒரு ஷிப்டு முழுக்க நிற்க வேண்டும். நான்காவது பொன்னுரங்கத்தின் கால். ஈரம் காயாத வாளியை முக்கச் சொன்னவர் சூப்பர்வைசர். ஈரம் பட்டதும் வெடித்துத் தெறித்த துத்தநாகம் விழுந்தது பொன்னுரங்கத்தின் இடது கால் மேல். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியது கம்பெனி. ஐந்தாவது கதவடைப்பு. ஆடி முடிகிற வாரம், காலை ஷிப்டுக்குப் போனவர்கள் கேட்டில் புதுப் பூட்டைப் பார்த்தார்கள். ஐந்தோடு பேச்சு முடியும், கைதட்டு வரும், வேதகிரி ஸ்டூலிலிருந்து இறங்குவார். ஆறாவது என்று ஒன்று இருந்தது. அதை எந்த மேடையிலும் அவர் சொன்னதில்லை. இன்றைக்கும், திருவொற்றியூர் வீட்டின் முன்னறையில், விரல் நீளக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் வரிசை சொல்லிக்கொண்டு வந்தவர், ஐந்தில் வந்து நின்றுவிட்டார்.

குழாயில் மீன்தொட்டித் தண்ணீர். அதில் மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கியாகிவிட்டது. இனி நிறம் வர வேண்டும். முதல் குழாய் ஏற்கெனவே மஞ்சளாகி ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றது. மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை என்றால் இருக்கிறது. அது ஜெயித்தாகிவிட்டது. இது இரண்டாவது விஷத்துக்கான குழாய். நீலமாக நின்றால் மீனை விடலாம், கத்திரிப்பூ நிறமானால் விடக்கூடாது. இதெல்லாம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் காகிதத்தில் இருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வெண்மணி அதைத் தமிழில் தட்டி அனுப்பினாள். அவர் அதை ஜெராக்ஸ் கடையில் கொட்டை எழுத்தில் எடுத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படித்து வைத்திருந்தார். அவர் படித்த படிப்பெல்லாம் அப்படித்தான். பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது எழுத்துக் கூட்டத்தான். உலகம் எங்கே இருக்கிறது, கூலி எப்படி உண்டாகிறது, ராஜாக்கள் எப்படிக் கவிழ்ந்தார்கள் என்பதெல்லாம் ரோஸ் காகிதத்தில், மை கையில் ஒட்டுகிற நான்கு பக்கத் துண்டறிக்கைகளில் படித்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் கோடு போடுவார். "எல்லா வரியும் முக்கியம்னா அப்புறம் கோடு எதுக்குடா?" என்று பொன்னுரங்கம் கேட்பான். வேதகிரி அடுத்த வரிக்குக் கோடு போடுவார். இப்போதும் இந்தக் காகிதத்தில் கோடு போடாத வரி இல்லை. "இன்னா, புள்ள பொறந்துதா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி குணவதி குரல் கொடுத்தாள். வடை மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆட்கள் வருகிறார்கள். "இரு, கலர் வரட்டும்." "வரும், வரும். மீனே இல்லாத தொட்டிக்கு ஆடி முழுக்கத் தீனி போட்ட மனுசனாச்சே நீ. ஆளே இல்லாத ரோட்ட பாத்து மைக் புடிச்சவன்தானே, உனக்கு இது புதுசா?"

அவள் சொன்னது உண்மைதான். காலித் தொட்டிக்குத் தினம் ஒரு சிட்டிகைத் தீனி. அது அடியில் கிடந்து அழுகும், அழுகலிலிருந்து அம்மோனியா கிளம்பும், அதைத் தின்பதற்கென்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் மெல்லப் பிறந்து வளரும். அவை தின்று கழிப்பது இரண்டாவது விஷம். அதைத் தின்ன வேறொரு கூட்டம் வர வேண்டும். ஆக முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு. இரண்டாம் ஷிப்டு எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்திருக்கிறது? வேதகிரிக்கு இது படித்த மாத்திரத்தில் புரிந்தது. ஒவ்வொரு கட்டமாகத்தான் போக வேண்டும். முதலில் மனு, பிறகு கறுப்பு பேட்ஜ், பிறகு கேட் மீட்டிங், அப்புறம்தான் வேலைநிறுத்தம். ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்தவன் முதுகெலும்பு முறிந்து விழுந்ததை அவர் பக்கத்து ஆலைகளில் பார்த்திருக்கிறார். முதல் வாரங்களில் வீடு முழுக்க ஒரு காரவாடை. மூக்கின் உள்மடலில் போய்க் கடிக்கிற அதே நவச்சார வாடை. குணவதி ஊதுபத்தி ஏற்றினாள். அவரோ தொட்டிக்கு மேல் குனிந்து வேண்டுமென்றே இழுத்து மூச்சு விட்டார். துத்தநாகத் தொட்டியின் வெள்ளைப் புகை, ஈரத்துணிக்கு மேலே சிவந்த கண்கள், எதிர்ப்பக்கம் இடுக்கி பிடித்து நிற்கிற பொன்னுரங்கம், புகைக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும்: "டேய் வேதா, இருக்கியா, செத்துட்டியா?" "இருக்கேன்டா." ஒரு ஷிப்டுக்குள் எத்தனையோ தடவை கேட்பான். இருக்கேன்டா. இருக்கேன்டா. யாரும் வாடையை ஏக்கத்தோடு நினைப்பார்களா? கொன்ற புகையைப் போய் யாராவது தேடுவார்களா? ஆனால் அந்த வாடை போன அன்றைக்கு, குழாய் மஞ்சளான அன்றைக்கு, அவருக்கு வீடு வெறிச்சென்று இருந்தது.

நிறம் இன்னும் வரவில்லை. லேசாக நீலம் போலத் தெரிந்தது. கண்புரை எடுத்த கண்ணை மூடிப் பார்த்தார், எடுக்காத கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்று நீலம் என்றது, இன்னொன்று பொறு என்றது. ஜன்னலுக்குக் கீழே நிழலில் பிளாஸ்டிக் டப். அதற்குள் மானேஜர். மானேஜர் என்பது பொன்னுரங்கம் வளர்த்த, உள்ளங்கை அகலமுள்ள ஒரு தங்கமீன். தங்கமெல்லாம் என்றோ வெளுத்துப் போய் இப்போது கஞ்சி நிறம். வயிறு தொங்கி, கண் பிதுங்கி, பார்க்க அசல் மானேஜரேதான். பொன்னுரங்கம் பெயர் வைப்பதில் தவறு செய்யமாட்டான். தினமும் காலையில் எழுந்ததும் வேதகிரி பல்கூடத் துலக்காமல் டப்புக்குப் பக்கத்தில் குந்துவார். செவுள் அசைகிறதா என்று பார்க்கும்வரை அவருக்கு மூச்சு வராது. சில நாள் அது அசையாமல் நிற்கும். அந்த ஒரு நொடியில் டப்பை விரலால் தட்டுவார். தடியடிக்குப் பயப்படாதவர், ஜெயிலில் களியைத் தின்றுவிட்டுப் பாட்டுப் பாடியவர், ஒரு கிழட்டு மீனின் செவுளுக்குப் பயந்தார். அசைந்ததும், குளோரின் போக வெயிலில் வைத்து ஆறவிட்ட தண்ணீரை மொண்டு மாற்றுவார். "லாரித் தண்ணி நமக்கே இல்ல, மானேஜருக்குத் தினம் ரெண்டு குடம்," என்பாள் குணவதி. "கம்பெனில அவனுங்களுக்குத்தான் தண்ணி, இங்கயும் அவனுங்களுக்குத்தான் தண்ணியா?" பரணில் துத்தநாக வாளி ஒன்று இருந்தது, கடைசி நாள் வந்த சரக்கில் அவர் எடுத்து வைத்துக்கொண்டது, இன்னும் பூப்பூவாக மின்னியது. முதல் நாள் அவசரத்தில் மீனை மாற்றி விடுவதற்கு அதைத்தான் இறக்கினார். அப்போதுதான் பொன்னுரங்கம் எப்போதோ சொன்னது காதில் விழுந்தது. "எதுல வேணா மீன வுடு, நம்ம வாளில மட்டும் வுடாத. துத்தநாகம் இறங்கி செத்துப்பூடும்." வாளியைத் திரும்பப் பரணில் ஏற்றினார். வாழ்நாளெல்லாம் செய்த பொருள் ஒரு மீனைக் காப்பாற்ற உதவவில்லை. கம்பெனியை ஒழித்த பிளாஸ்டிக் காப்பாற்றியது.

இந்தக் காத்திருப்பே வேண்டியிருக்காது, அந்தப் பஞ்சைக் கழுவாமல் இருந்திருந்தால். நினைப்பு அங்கே வந்ததும் முள்ளில் மாட்டிய வேட்டி போல நின்றுவிடும், இழுத்தால் கிழியும். மீனோடு கூட பொன்னுரங்கத்தின் பழைய ஃபில்டரையும் அவன் மனைவி அம்சவேணி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். உள்ளே கறுத்து, வழவழவென்று, சாக்கடை மாதிரி நாறுகிற ஒரு பஞ்சு. தோழன் சாமான், நாறலாமா? ஒரு கோடைக்காலம் போராடி சோப்பு வாங்கிய சங்கத்தின் செயலாளர் அவர். ஷிப்டு முடிந்து முழங்கைவரை நுரை பொங்கக் கழுவிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, பஸ்ஸில் ஆபீசர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்த கூட்டம் அது. அழுக்கு அவர்களுக்கு அவமானம். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கசக்கி, பிழிந்து, மொட்டைமாடி வெயிலில் க்ளிப் மாட்டிக் காயப்போட்டார். புதுசு மாதிரி வெளேரென்று ஆயிற்று. போனில் பெருமையாகச் சொன்னார். பஞ்சு முதலில் என்ன நிறம் என்று வெண்மணி கேட்டாள். "அப்பா, அந்தக் கறுப்புலதாம்பா எல்லாம் இருந்துச்சு. அந்தப் பஞ்ச அப்படியே புதுத் தொட்டில போட்டிருந்தா அன்னிக்கே மீன விட்டிருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னாள். பொன்னுரங்கம் வருஷக்கணக்கில் வளர்த்த கூட்டம். கோடிக்கணக்கில், முகம் தெரியாமல், சம்பளம் கேட்காமல், இருட்டில் வேலை பார்த்த கூட்டம். சுத்தம் பண்ணுகிறேன் என்று ஒரே கழுவாகக் கழுவி வெயிலில் போட்டுவிட்டார். கூட்டம், கூட்டம் என்று தொண்டை கிழியக் கத்திய மனுஷன். சுத்தம் பண்ணுகிறோம் என்று அதற்கு முன்னாலும் ஒரு முறை... குழாயைப் பார். நிறத்தைப் பார். நீலமா?

ஆறாவது. சரி, ஆறாவது. கால் வெந்து முடமான பிறகு பொன்னுரங்கத்துக்குக் கம்பெனி இலகு வேலை கொடுத்தது: மானேஜர் அறையைப் பெருக்கித் துடைப்பது, அங்கிருந்த பெரிய மீன்தொட்டியைக் கவனிப்பது. பேச்சுவார்த்தைக்குப் போனால் சங்கத்துக்காரர்களை நிற்கவைத்தே பேசுவார்கள். மானேஜர் பேசிக்கொண்டே இருப்பார். வேதகிரியின் கண் தொட்டிக்குப் போய்விடும். தெளிந்த தண்ணீர், குமிழ் குமிழாகக் காற்று, பச்சை விளக்கு. தொட்டிக்குப் பின்னால் கண்ணாடி துடைக்கிற பொன்னுரங்கம், மானேஜர் முகத்தையும் மீன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவான். சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொள்ள வேண்டும். 'மீனுக்கு இரவு பகலாகக் காற்று, எங்களுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லையா?' வேதகிரியின் பேர்போன வசனம் அந்த அறையில் பிறந்ததுதான். அதற்கு விழுந்த கைதட்டு மாதிரி அவர் வாழ்க்கையில் வேறொன்று விழுந்ததில்லை. பிறகு கதவடைப்பு. மானேஜர் பெங்களூருக்குப் போய்விட்டார், கரண்டை வெட்டிவிட்டார்கள், கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள், அப்பளம் விற்றார்கள், மூக்குத்தி விற்றார்கள். வெளியே இத்தனை நடக்கையில் உள்ளே ஒருவன் இருந்தான். வெந்த காலை இழுத்துக்கொண்டு ரயில்வே லைன் பக்கத்து மதிலேறிக் குதித்து, மானேஜர் அறைக்குப் போய், பம்பு ஓடாத தொட்டியில் கையால் தண்ணீர் மொண்டு ஊற்றிக் காற்றேற்றிக்கொண்டிருந்தான். கமிட்டியில் இருந்த மாசிலாமணி பார்த்துவிட்டார். கருங்காலி என்ற சொல் பந்தலை விடவும் பெரிதாக விரிந்தது. கமிட்டி முன்னால் நிற்கவைத்துக் கேட்டார்கள். "மீனுக்கு இன்னாங்க ஸ்ட்ரைக்கு? அது எந்த சங்கத்துல இருக்குது?" என்றான். யாரோ சிரித்தார்கள். சிரித்ததுதான் வினையாயிற்று, கோபம் இரண்டு மடங்காயிற்று. சங்கத்திலிருந்து பெயரை நீக்குவதென்று தீர்மானம். வேதகிரி எழுந்து எதிர்த்துப் பேசினார், நன்றாகவே பேசினார், யாரும் கேட்கவில்லை. எதிர்க்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அவர் தூக்கவில்லை. சங்கத்தில் செயலாளருக்கு ஓட்டில்லை. அந்த விதியை எழுதியதே அவர்தான். தன் விதியைத் தானே மதித்ததில் அவருக்குப் பெருமை உண்டு. ஒரு கை குறைந்தது, தீர்மானம் நிறைவேறியது. அவ்வளவுதான் ஆறாவது. செய்தது கம்பெனி அல்ல. அதனால் எந்த மேடையிலும் அதற்கு இடமில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஆடிக் கடைசியிலும் கேட்டுக்கு முன்னால் கூடுவார்கள். வேதகிரி ஸ்டூலில் ஏறிப் பெயர்களை வாசிப்பார். பகுதியைச் சொல்லிப் பெயரைச் சொல்வார்; வந்திருப்பவன் "உள்ளேன்" என்பான்; செத்துப்போனவன் பெயர் வந்தால் எல்லோரும் சேர்ந்து "இருக்கிறார்" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி கங்காதரனில் ஆரம்பிக்கும். எல்லாப் பெயரும் மனப்பாடம். ஆனாலும் கையில் ஒரு காகிதம் இருந்தாக வேண்டும், வெறுங்கையோடு வாசித்தால் அது வாசிப்பில்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் கரும்புச்சாறு வண்டி. அதன் பக்கத்தில், ஒரு கையைச் சக்கரத்தில் ஊன்றி, நல்ல காலில் பாரத்தைப் போட்டு, ஒவ்வொரு வருஷமும் பொன்னுரங்கம். சாறு குடிக்கமாட்டான். கடைசிப் பெயர்வரை கேட்பான். கடைசிப் பெயர் முடிந்து கோஷம் எழும்பும்போது திரும்பி நடப்பான். ஸ்டூல் மேல் நிற்பவருக்கு மட்டும்தான் அவன் தெரிவான். மற்றவர்களுக்கு முதுகு அந்தப் பக்கம். கண்ணும் கண்ணும் சந்தித்ததுண்டா? உண்டு. புருவத்தை உயர்த்துவானா? ஒரு வருஷம் உயர்த்தினான். அந்த வருஷம் ஒரு பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குத் தாவி, திரும்பி வந்து வாசித்தார் வேதகிரி. கம்பெனி இடிந்து அடுக்குமாடி வந்தது, கேட் இருந்த இடத்தில் செக்யூரிட்டி வந்தான், போன வருஷம் "பெரிசு, வண்டி வருது, ஒத்திக்கோ" என்றான். கரும்புச்சாறு வண்டிக்காரனும் இல்லை. பொன்னுரங்கம் மட்டும் நின்றான், சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லாமல், கம்பு ஊன்றி. இந்த வருஷம் சித்திரையில் போய்ச் சேர்ந்தான். சாவு வீட்டுக்கு வேதகிரி போனார். சங்கக் கொடி கொண்டு போகவில்லை, பெயர் நீக்கியவனுக்குக் கொண்டு போக முடியாது. ஆனி முடிகிற வாரம் அம்சவேணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மீஞ்சூரில் மகன் வீட்டோடு போகிறாளாம். சாமான் கட்டும்போது தொட்டி விரிசல் விட்டுவிட்டதாம். மகன் மீன் வேண்டாம் என்கிறானாம். "அவரு பேர வாசிக்க உங்களால ஆகல. இந்த மீனையாச்சும் சாவாம பாத்துக்குங்க அண்ணே," என்று டப்பைத் தரையில் வைத்தாள். திட்டவில்லை. அழவில்லை. வேதகிரி அன்று மாலையே கொளத்தூருக்குப் போய்க் கண்ணாடித் தொட்டி வாங்கிவந்தார். கேட்டில் இனி நிற்க விடமாட்டார்கள், இந்த வருஷம் பெயர் வாசிப்பு வீட்டில்தான், ஆடிக் கடைசிக்கு வா, தொட்டியில் மீன் நீந்துவதைக் காட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லியும் விட்டார்.

செருப்புச் சத்தம். அப்துல் சுக்கூரும் மாசிலாமணியும். கமிட்டியில் மிச்சம் இவ்வளவுதான். சுக்கூர் நுழையும்போதே டப்பைப் பார்த்து நெற்றியில் கைவைத்து சலாம் போட்டார். "வணக்கம் சார். போனஸ் எப்ப சார் தருவீங்க?" மீன் வாயைத் திறந்து மூடியது. "பாத்தியா, அதே பதில்தான்." குணவதி வடையோடு வந்தாள். "சிரிங்க. அந்த மானேஜர் தூங்கவாச்சும் தூங்கினான். இதுக்கு இவரு தூங்காம காவல்." மாசிலாமணி காலித் தொட்டியை விரலால் தட்டினார். "இதுல ஒன்னுமே இல்லையே, தோழர்?" "இருக்கு. கண்ணுக்குத் தெரியாது," என்றார் வேதகிரி. குழாயை ஸ்டூல் மேல், அந்த ஜெராக்ஸ் காகிதத்தின் வெள்ளைப் பின்பக்கத்துக்கு முன்னால் நிறுத்திவைத்தார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு ஒரு பேரு சேக்கணும்." யாருடைய பெயர் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுக்கூர் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். "என் கை இருக்குது." மாசிலாமணியின் கை மடியிலேயே இருந்தது. "கமிட்டி போட்ட தீர்மானம். உங்களுக்கு அவன் மீனுக்குத் தண்ணி ஊத்தினது மட்டும்தான் ஞாபகம் இருக்குது, தோழர். அன்னிக்குக் காலைலதான் நான் என் பொஞ்சாதி தாலியக் கழட்டி வித்துட்டு வந்தேன். லைன் ஓரமா நடந்து வரேன், கம்பெனிக்குள்ள ஒருத்தன் வாளியத் தூக்கினு போறான். எனக்கு எப்டி இருந்திருக்கும்?" மாசிலாமணி வடைத் தட்டைத் தள்ளிவைத்தார். வேதகிரிக்கு அந்தத் தாலியும் தெரியும், விற்ற கடையும் தெரியும். "ஒன்னுக்கு ஒன்னு," என்றார் சுக்கூர். "நீ சொல்லு வேதகிரி." "செயலாளருக்கு ஓட்டு கிடையாது," என்றார் மாசிலாமணி மெல்ல. "அவரு எழுதினதுதான்." வேதகிரியின் கை முழங்காலில் இருந்தது. தூக்கினால் தூக்கலாம். எத்தனை ஆண்டு, எத்தனை பேர் முன்னால், இந்த ஒரு கை சுத்தம் என்று நிமிர்ந்து நின்றிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவிய கை. வெளேரென்ற கை.

அப்போது அம்சவேணி வந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே டப்பிடம் போய்க் குந்தி, ஒரு விரலைத் தண்ணீரில் விட்டாள். மூலையில் கிடந்த மானேஜர் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அந்த விரலைச் சப்பியது. வேதகிரியிடம் ஒரு நாளும் அது அப்படி வந்ததில்லை. "இளைச்சுட்டியா நீ?" என்று மீனிடம் கேட்டாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். "ஏண்ணே, தொட்டில வுடறேன்னீங்களே?" எல்லோரும் ஸ்டூலைப் பார்த்தார்கள். வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் குழாய் நின்றது. இனி எந்தக் கண்ணை மூடிப் பார்க்கவும் தேவையிருக்கவில்லை. கத்திரிப்பூ நிறம். கூசாமல், நன்றாகப் பூத்த கத்திரிப்பூ. "நீலமா இருக்கணும்," என்றார். "இன்னும் வரல. இப்ப வுட்டா செத்துப்பூடும்." ஒரு பொய் சொல்லியிருக்கலாம். விட்டுக் காட்டிவிட்டு, அவள் போனதும் திரும்ப டப்பில் எடுத்துப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. "எப்ப வரும்?" "அதுங்க வரப்பதான் வரும். நாம அவசரப்படுத்த முடியாது." அம்சவேணி தலையாட்டினாள். "சரி. உசுரோட வச்சிருக்கீங்கல்ல, போதும்." விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இரும்மா, வட சாப்பிடு," என்றாள் குணவதி. "இல்லக்கா. பேரு வாசிக்கப் போறாங்க. நான் அந்தாண்ட நிக்கறேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வருகிறது, துணியை எடுக்கிறேன் என்பது போல. வாசற்படிக்குப் போய்ச் சுவரில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலில் நின்று, செருப்புக்குள் மற்றக் காலை நுழைத்தாள். சுவரில் ஊன்றிய அந்தக் கையை வேதகிரி பார்த்தார். ஸ்டூல் மேலிருந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்ப்பது போலப் பார்த்தார். வெளியே போய் எதிர்வீட்டு ஓரம் நிற்பாள். கடைசிப் பெயர்வரை கேட்பாள். திரும்பி நடப்பாள். மீஞ்சூர் பஸ் ஏறுவாள். தண்ணீர் பொறுக்கும், இரண்டாம் ஷிப்டு வருகிறபோது வரட்டும், மீன் டப்பில் இருந்துகொள்ளும். இது பொறுக்காது. அவர் எழுந்தார். முட்டி கடகடத்தது. கையில் காகிதம் வேண்டுமே. ஸ்டூல் மேலிருந்த தொட்டிக் காகிதத்தை, கோடு போடாத வரியில்லாத அந்தக் காகிதத்தை உருவினார். கண்ணாடிக் குழாய் சாய்ந்து உருண்டது, சுக்கூர் பிடித்துக்கொண்டார். "கங்காதரன்ல இருந்துதானே, தோழர்?" என்றார் மாசிலாமணி. அவர் குரலில் இருந்தது கட்டளை அல்ல, கெஞ்சல் மாதிரி ஏதோ ஒன்று. வேதகிரி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். ஓட்டுக்குத் தூக்குகிற மாதிரி நேராக, எல்லோரும் பார்க்கும்படி. மற்றக் கையில் காகிதத்தை விரித்துப் பிடித்தார். அதில் அம்மோனியா என்று எழுதியிருந்தது. வாசலில் அம்சவேணி இரண்டாவது செருப்பைத் தேடிக் குனிந்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார், இரைகிற லாரிகளைத் தாண்டி ரோட்டுக்கு அப்பால் கரும்புச்சாறு வண்டிவரை எட்டுகிற அந்தப் பழைய குரலில், வரிசையை உடைத்து, முதல் பெயராக வாசித்தார்:

"துத்தநாகத் தொட்டிப் பகுதி, கா. பொன்னுரங்கம்!"